மேசை ஃபோனில் மூன்று சேனல்கள்: கமாண்ட் லைன் வழியே ஒரு அமைப்பு

பாரிமுனைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சி அலுவலகம். இரண்டு மாடி, மாடிக்கு இருபது மேசை போல. எல்லா மேசையிலும் சிஸ்கோ 7942 ஃபோன். பாதி புதிதாக வாங்கியது, மீதி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் எடுத்தது. இவற்றை நடத்தத் தனி சர்வர் கிடையாது. சிஸ்கோ 2911 ரூட்டருக்குள்ளேயே ஓடும் கால்மேனேஜர் எக்ஸ்பிரஸ்தான் எக்ஸ்சேஞ்ச். அந்த ரூட்டர் 50 ஃபோன் வரை தாங்கும், ஆகவே நமக்குப் போதும். இந்த அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

முதலில் வந்த புகார் ரிசப்ஷனிலிருந்து. "சார், ஹோல்டுல போட்டா பீப் பீப்னு மட்டும்தான் கேக்குதாம். லைன் கட்டாயிடுச்சுன்னு நெனச்சு வெச்சிடறாங்க." அதற்கு ஒரு இசை வேண்டும். அப்புறம் மேலாளர் மேடம் இன்னும் இரண்டு கேட்டார்: மதிய உணவு நேரத்தில் விருப்பப்பட்டவர்கள் மட்டும் ஃபோன் ஸ்பீக்கரில் கேட்க மென்மையான இசை, மழைக்காலத்தில் வானொலிச் செய்தி. மூன்றாவதை அவர் சும்மா கேட்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் மிக்ஜாம் என்று ஒவ்வொரு முறையும் சென்னையில் பல இடங்களில் செல்ஃபோன் சிக்னலும் இணையமும் படுத்துவிட்டன. எந்த சுரங்கப்பாதை மூடியிருக்கிறது, எந்த ரயில் ஓடுகிறது என்று தெரியாமல் ஆட்கள் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஃபோன்களுக்கு மின்சாரம் நெட்வொர்க் கேபிள் வழியாகவே போகிறது, சுவிட்ச் யுபிஎஸ்ஸில் இருக்கிறது. இணையம் போனாலும் கட்டடத்துக்குள் இருக்கும் நெட்வொர்க் உயிரோடு இருக்கும். ஒரே ஒரு எஃப்எம் ரிசீவர் வேலை செய்தால் நாற்பது மேசைக்கும் செய்தி போய்ச் சேரும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்துப்போன பகுதி அதுதான்.

நாற்பது ஃபோனுக்கும் தனித்தனியாக ஒலியை அனுப்ப வேண்டியதில்லை, மல்டிகாஸ்ட் போதும். அனுப்புகிறவர் ஒரு குழு முகவரிக்கு ஒரே ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) வரிசையை அனுப்புகிறார். கேட்க விரும்பும் ஃபோன் "அந்தக் குழுவில் என்னையும் சேர்" என்று சுவிட்சிடம் சொல்கிறது. சுவிட்ச் பிரதி எடுத்துக் கொடுக்கிறது. ஜி.711 என்ற தொலைபேசி ஒலிக் குறியாக்கத்தில் 20 மில்லி செகண்டுக்கு ஒரு பாக்கெட், வினாடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றிலும் 160 பைட் ஒலி, மேலே ஆர்டிபி, யுடிபி, ஐபி என்ற நெறிமுறைகளின் தலைப்புகள் சேர்த்து 40 பைட். ஈதர்நெட் உறையையும் கணக்கில் வைத்தால் ஏறக்குறைய 87 கிலோபிட். மூன்று சேனலுக்குமாகச் சேர்த்தாலும் 300 கிலோபிட்டைத் தொடாது. 100 மெகாபிட் போர்ட்டுக்கு இது ஒன்றுமே இல்லை.

முகவரிக்கு 239-இல் தொடங்கும் தொகுதியை எடுத்துக்கொண்டேன். ஒரு நிறுவனம் தன் எல்லைக்குள் புழங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டது அது. 1998-இல் வெளியான ஆர்எஃப்சி 2365 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அப்படித்தான் சொல்கிறது. ஒரு எச்சரிக்கை: ஐபி மல்டிகாஸ்ட் முகவரியின் கடைசி 23 பிட் மட்டுமே ஈதர்நெட் முகவரிக்குள் போகும். எனவே 239.1.1.1, 239.129.1.1 இரண்டும் சுவிட்சின் கண்ணுக்கு ஒன்றுதான். சேனல்களை அடுத்தடுத்த எண்களில் வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

இனி வரும் கமாண்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். ரூட்டரில் அடிக்கும்போது ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் ஹோல்டு இசை. எந்த இசை என்பதிலேயே பிரச்சினை தொடங்கிவிட்டது. ஆளாளுக்கு ஒரு சினிமாப் பாட்டைச் சொன்னார்கள். காப்புரிமை உள்ள ஒலிப்பதிவை அனுமதி வாங்காமல் வாடிக்கையாளர் காதில் போடக் கூடாது. தியாகராஜர் கிருதிதானே, பழையதுதானே என்று ஒருவர் கேட்டார். கிருதிக்கு உரிமை யாரிடமும் இல்லை, சரி. ஆனால் அதைப் பாடிப் பதிவுசெய்த ஒலிக்குத் தனி உரிமை உண்டு. நம் நாட்டில் அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு நீடிக்கும். கடைசியில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு சகோதரி வீணை வாசிப்பவர் என்று தெரிந்தது. அவரே ஹம்சத்வனியில் ஒரு சின்ன ஆலாபனை வாசித்து, ஃபோனில் பதிவுசெய்து, எழுத்தில் அனுமதியும் கொடுத்தார். உரிமைச் சிக்கல் அத்தோடு முடிந்தது.

வீணை அமைந்தது நல்ல அதிர்ஷ்டம் என்று பிறகுதான் புரிந்தது. தொலைபேசி ஒலி வினாடிக்கு 8000 மாதிரிகள்தான் எடுக்கும், ஆகவே 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் மிஞ்சாது. வெளி லைனில் போகும்போது 3400 ஹெர்ட்ஸிலேயே வெட்டிவிடும். நாதஸ்வரத்தின் கூர்மை பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. சோதித்துப் பார்த்தால் மூக்கடைத்த மாதிரி வந்தது. மிருதங்கத்தின் தொப்பி ஒலியைச் சின்ன ஸ்பீக்கர் காட்டவே இல்லை. தம்புராவின் ரீங்காரம் வெறும் இரைச்சலாகிவிட்டது. தனி வீணையும் புல்லாங்குழலும் மட்டும் அடையாளம் தெரியும்படி வந்தன. ஹோல்டு இசை தேர்ந்தெடுக்கிறவர்கள் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். 8000-க்கு மாற்றி, ஃபோன் ரிசீவரைக் காதில் வைத்துக் கேளுங்கள். ஒலி அளவையும் உச்சத்தில் வைக்கக் கூடாது. உச்சத்திலிருந்து எட்டு பத்து டெசிபல் இறக்கி, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3400-க்கு மேலேயும் முன்கூட்டியே வடிகட்டிவிட்டால் வெளி லைனில் கரகரப்பு குறையும்.

மாற்றுவதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி மாற்றி மென்பொருள் போதும்: ஒரு சேனல், 8000 மாதிரி, மியூ-லா (ஜி.711-இன் ஒரு வகை), ஏயூ வகைக் கோப்பு. ரூட்டர் எதிர்பார்ப்பது ஏயூ அல்லது வேவ், இரண்டிலும் உள்ளடக்கம் இதேதான். கோப்பு 100 கிலோபைட்டுக்குக் குறையக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. வினாடிக்கு 8000 பைட் என்பதால் அது பன்னிரண்டரை வினாடிதான். சகோதரியின் ஆலாபனை மூன்று நிமிடம், 1.4 மெகாபைட் வந்தது. டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறையில் ரூட்டரின் ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்றி, இப்படிக் கொடுத்தேன் (எம்ஓஎச் என்றால் மியூசிக் ஆன் ஹோல்டு):

டெலிபோனி-சர்வீஸ்
 எம்ஓஎச் ஃபிளாஷ்:வீணை.ஏயூ
 மல்டிகாஸ்ட் எம்ஓஎச் 239.20.0.1 போர்ட் 2000

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுவார்கள். அதற்கு முந்தைய எம்ஓஎச் வரி மட்டும் இருந்தால் வெளியிலிருந்து ஜி.711-இல் வரும் அழைப்புக்கு இசை கேட்கும். அலுவலகத்துக்குள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் பேசும்போது ஹோல்டில் போட்டால் அதே பழைய பீப்தான். உள் அழைப்பிலும் இசை வேண்டும் என்றால் மல்டிகாஸ்ட் வரி கட்டாயம். ஜி.729 என்ற வேறு குறியாக்கத்தில் வரும் அழைப்புக்கு, குறியாக்கத்தை மாற்றும் டிரான்ஸ்கோடர் இல்லாமல் இந்த இசை கேட்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இறக்குமதிப் பிரிவுக்கும் ஏற்றுமதிப் பிரிவுக்கும் வேறு வேறு ஹோல்டு செய்தி வேண்டும் என்றார்கள். கால்மேனேஜர் எக்ஸ்பிரஸ் பதிப்பு 8 முதல் இதற்கு வழி உண்டு. முதன்மை இசை தவிர ஐந்து குழு வரை வைத்துக்கொள்ளலாம்.

வாய்ஸ் எம்ஓஎச்-குரூப் 1
 எம்ஓஎச் ஃபிளாஷ்:இறக்குமதி.ஏயூ
 மல்டிகாஸ்ட் எம்ஓஎச் 239.20.0.2 போர்ட் 2000
 எக்ஸ்டென்ஷன்-ரேஞ்ச் 2100 டு 2149

"ஷோ வாய்ஸ் எம்ஓஎச்-குரூப்" என்று அடித்தால் எது எந்த எண்களுக்குப் போகிறது என்று காட்டும். ஹோல்டு வேலை இத்தோடு முடிந்தது.

அடுத்தது சேனல்கள். 7942-இல் உலக உருண்டை படம் போட்ட ஒரு பட்டன் இருக்கிறது, சர்வீசஸ். அதை அழுத்தினால் ஃபோன் ஒரு வலைமுகவரியிலிருந்து எக்ஸ்எம்எல் மெனு ஒன்றை இறக்கித் திரையில் காட்டும். மெனுவின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர், ஒரு முகவரி. அந்த முகவரி வலைப்பக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. "ஆர்டிபி-எம்-ஆர்எக்ஸ்:239.20.1.1:20480" என்று எழுதினால், வரியைத் தேர்ந்தெடுத்த உடனே ஃபோன் அந்த மல்டிகாஸ்ட் குழுவில் சேர்ந்து ஸ்பீக்கரில் ஒலிக்கத் தொடங்கும். "ஆர்டிபி-எம்-ஆர்எக்ஸ்:ஸ்டாப்" என்றால் நிறுத்தும். போர்ட் எண்ணுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: 20480-க்கும் 32768-க்கும் இடையில் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும். ஹோல்டு இசைக்குக் கொடுத்த 2000 இங்கே செல்லாது. ஒலி ஜி.711 மியூ-லா, 20 மில்லி செகண்ட் பாக்கெட். இதில் எந்த மாற்றமும் ஃபோன் ஏற்காது.

ஆக மெனுவில் நான்கு வரி (அலுவலக அறிவிப்புக்கான மூன்றாவது சேனலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்):

மதிய இசை: 239.20.1.1, போர்ட் 20480
வானொலி: 239.20.1.2, போர்ட் 20482
அறிவிப்பு: 239.20.1.3, போர்ட் 20484
நிறுத்து

இந்தக் கோப்பைக் கொடுப்பது ராஸ்பெர்ரி பை என்ற ஒரு சின்னக் கம்ப்யூட்டர், இனி சுருக்கமாகப் பை. வலை சேவையகம் இதை எக்ஸ்எம்எல் வகை என்று அறிவித்து அனுப்ப வேண்டும். சாதாரண எழுத்து என்று அனுப்பினால் ஃபோன் மெனுவாக எடுத்துக்கொள்ளாது. ரூட்டரில் "டெலிபோனி-சர்வீஸ்" கீழே "யூஆர்எல் சர்வீசஸ்" என்று பையின் முகவரியைக் கொடுத்து, "கிரியேட் சிஎன்எஃப்-ஃபைல்ஸ்" அடித்து ஃபோன்களுக்கான அமைப்புக் கோப்பை உருவாக்கினேன். பிறகு ஃபோன்களை மறுதொடக்கம் செய்ய வேண்டும். இங்கே "ரீஸ்டார்ட்" போதாது. அது லைன், பட்டன் மாற்றங்களுக்கு மட்டும். முகவரி மாற்றம் ஃபோன் இறக்கும் கோப்புக்குள் இருப்பதால் "ரீசெட்" கொடுத்தால்தான் முகவரி வாங்கும் டிஹெச்சிபி, கோப்பு இறக்கும் டிஎஃப்டிபி எல்லாம் மறுபடி நடந்து புதுக் கோப்பு வரும்.

ஒலியை அனுப்புவதும் அதே பைதான். அது வாய்ஸ் விலானில், அதாவது ஃபோன்களுக்கென்று பிரித்த நெட்வொர்க் பகுதியில், 10.20.0.5 என்ற முகவரியில் இருக்கிறது. மல்டிகாஸ்ட் எந்த இணைப்பு வழியாகப் போக வேண்டும் என்று லினக்ஸிடம் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது: 239.20.0.0/16-க்கு வாய்ஸ் விலான் இணைப்பைக் காட்டி ஒரு ரூட். இல்லாவிட்டால் பாக்கெட் டிஃபால்ட் கேட்வே இருக்கும் பக்கம் போய்விடும், இங்கே ஃபோன் மௌனமாக இருக்கும்.

இப்போது எஃப்எஃப்எம்பெக் வரி. ஒரு கோப்பைத் தொடர்ந்து சுற்றவிட்டு, நிஜ வேகத்தில் படித்து, 8000 மாதிரி மியூ-லாவாக்கி, ஆர்டிபியில் 239.20.1.1:20480-க்கு அனுப்புவது. ஓடியது, பிழை எதுவும் காட்டவில்லை. ஃபோன் திரையிலும் ஏற்றுக்கொண்ட மாதிரி இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையைச் செய்கிற யாருக்கும் இங்கே நிற்க வேண்டி வரும். பையில் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியைப் போட்டுப் பார்த்தால் பாக்கெட் போகிறது, ஆனால் ஒவ்வொன்றின் நீளமும் 1400 பைட்டுக்கு மேல். வினாடிக்கு ஐந்தாறு பாக்கெட்தான். எஃப்எஃப்எம்பெக் தன் வழக்கப்படி ஒரு ஈதர்நெட் பாக்கெட்டில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவையும் அடைத்து அனுப்புகிறது. அது 180 மில்லி செகண்ட் ஒலி. ஃபோன் எதிர்பார்ப்பதோ 20 மில்லி செகண்ட், 160 பைட். ஆர்டிபி தலைப்பு 12 பைட், ஆக மொத்தம் 172. முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு "பிகேடி_சைஸ்=172" என்று சேர்த்ததும் டிசிபிடம்பில் நீளம் 172, 172, 172 என்று வரிசையாக வந்தது. ஃபோன் வாயைத் திறந்தது.

ஆனால் ஒலி தடுக்கித் தடுக்கி வந்தது. காரணம், ஒலியைக் குறைமாதிரிக்கு மாற்றும்போது ஒவ்வொரு கட்டும் 160 மாதிரியாகப் பிரியாமல் கூடக்குறையப் பிரிகிறது. அதனால் சில பாக்கெட் அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டும் சில தாமதமாகவும் போகின்றன. "ஏசெட்என்சாம்பிள்ஸ்=என்=160" என்ற ஆடியோ வடிகட்டியைச் சேர்த்தால் ஒவ்வொரு கட்டும் சரியாக 160 மாதிரி. அப்புறம் வீணை அழகாக வந்தது.

ஃபோன் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்க இன்னொரு வழி: ஃபோனின் ஐபி முகவரியை உலாவியில் திறந்தால் அதற்கே ஒரு வலைப்பக்கம் இருக்கிறது. அதில் "ஸ்ட்ரீமிங் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" பகுதியில் எத்தனை பாக்கெட் வந்தது, எத்தனை தொலைந்தது, ஜிட்டர் (வந்துசேரும் நேரத்தின் தடுமாற்றம்) எவ்வளவு என்று எல்லாம் தெரியும். பக்கம் திறக்காவிட்டால் ரூட்டரில் "சர்வீஸ் ஃபோன் வெப்ஆக்சஸ் 0" கொடுக்க வேண்டும். 0 என்றால் திறந்திருக்கிறது என்று பொருள், குழம்பிவிட வேண்டாம்.

வானொலிச் சேனலுக்கு இணைய ஓடையை எடுக்கவில்லை. இணையம் போகும் நாளில்தானே அது வேண்டும்? சின்ன எஃப்எம் ரிசீவர் ஒன்று, யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று. ரிசீவரை எஃப்எம் ரெயின்போ 101.4 மெகாஹெர்ட்ஸில் வைத்தேன். அந்த அலைவரிசையின் அலைநீளம் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு, கால் பங்கு 74 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு கம்பியை ஜன்னல் ஓரமாக நேராகத் தொங்கவிட்டதும் தடித்த சுவர் கொண்ட அந்தப் பழைய கட்டடத்துக்குள்ளும் சிக்னல் தெளிவாகிவிட்டது.

சவுண்ட் கார்டில்தான் வேலை இருந்தது. மலிவான கார்டுகளில் லைன்-இன் இருக்காது, மைக் துளை மட்டும் இருக்கும். ரிசீவரின் இயர்ஃபோன் வெளியீட்டை நேராக அதில் செருகினால் ஒலி நசுங்கிப் பிளந்து வரும். 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை வைத்துப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்து, மைக் துளையிலிருந்து வரும் மின்னழுத்தத்தைத் தடுக்க இடையில் ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தேன். உடைசல் போய்விட்டது, ஆனால் அடியில் ஒரு "ம்ம்ம்" ஓடிக்கொண்டே இருந்தது. ரிசீவருக்கும் பைக்கும் தனித்தனி அடாப்டர். கிரவுண்ட் வழியாக 50 ஹெர்ட்ஸ் சுற்றுகிறது. ரிச்சி தெருவில் 600 ஓம் ஒன்றுக்கு ஒன்று ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் கேட்டேன். கடைக்காரர், "மோடம்ல இருந்து கழட்டினது இருக்கு பாஸ், பரவாயில்லையா?" என்றார். அதுவே போதும். பழைய டயலப் மோடத்தில் தொலைபேசி லைனைப் பிரித்துவைக்க இருந்த அதே பாகம்தான் இங்கேயும் அதே வேலையைச் செய்கிறது. ரீங்காரம் அடியோடு நின்றது.

இந்த வானொலியை ஊழியர்கள் கேட்பதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். ஹோல்டில் இருக்கும் வாடிக்கையாளருக்கு அதைக் கொடுக்கச் சொல்லியும் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். இன்னொருவரின் ஒலிபரப்பை நம் வியாபார லைனில் ஓட்டுவது முறையல்ல.

முதல் மாடியில் எல்லாம் சரி. இரண்டாம் மாடியில் ஒரு விசித்திரம். சேனலைத் தேர்ந்தெடுத்தால் உடனே பாடும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். திரும்பத் தேர்ந்தெடுத்தால் திரும்பப் பாடும், திரும்ப நிற்கும். "இந்த ஃபோன்லாம் பழசு சார், செகண்ட் ஹேண்டு. அதான்" என்று மேலே இருப்பவர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். ஒரு ஃபோனைக் கீழே கொண்டுவந்து செருகினால் மணிக்கணக்கில் பாடுகிறது. ஆக ஃபோனில் குற்றமில்லை. மேலே போய் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்: நான்கு நிமிடம் இருபது வினாடி. அடுத்த ஃபோனிலும் அதே. 260 வினாடி என்று பார்த்தவுடனே எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

மல்டிகாஸ்ட் குழுவில் சேர ஃபோன் ஐஜிஎம்பி என்ற செய்தியை அனுப்புகிறது. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் உள்ள சுவிட்ச் அதை ஒட்டுக்கேட்டு, எந்த போர்ட்டில் யாருக்கு எது வேண்டும் என்று குறித்துவைக்கிறது. அந்தக் குறிப்பு நிரந்தரமல்ல. யாராவது ஒருவர், பொதுவாக ரூட்டர், 125 வினாடிக்கு ஒருமுறை "இன்னும் யாருக்கெல்லாம் வேண்டும்?" என்று கேட்க வேண்டும்; ஃபோன்கள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு கேள்விக்கான நேரமும் பதிலுக்கான பத்து வினாடியும் கடந்து பதில் வராவிட்டால் சுவிட்ச் குறிப்பை அழித்துவிடும். 125 பெருக்கல் 2, கூட்டல் 10: 260. எங்கள் ரூட்டரில் மல்டிகாஸ்ட் ரூட்டிங்கே இயக்கப்படவில்லை, ஒரே விலானுக்குள் அது தேவையும் இல்லை. அதனால் கேள்வி கேட்க ஆளே இல்லை. ஃபோன் சேரும்போது தானாக அனுப்பிய முதல் செய்தியை வைத்து இரண்டாம் மாடி சுவிட்ச் 260 வினாடி ஓட்டியது, பிறகு கதவைச் சாத்திவிட்டது. முதல் மாடி சுவிட்சான கேடலிஸ்ட்டில் ஸ்னூப்பிங்கை முன்பே யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். அது எல்லா போர்ட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொட்டியது, ஆகவே அங்கே பிரச்சினை தெரியவே இல்லை.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. மேலேயும் ஸ்னூப்பிங்கை அணைத்துவிடலாம். 87 கிலோபிட் எல்லா போர்ட்டுக்கும் போனால் குடி முழுகாது. ஆனால் நாளைக்கு யாராவது அந்த விலானில் கேமராவையோ வைஃபை பெட்டியையோ செருகினால் வினை. வைஃபையில் மல்டிகாஸ்ட் மிகக் குறைந்த வேகத்தில்தான் ஒலிபரப்பாகும், காற்று நேரம் முழுவதையும் தின்றுவிடும். எனவே முறையாகவே செய்தேன். கேடலிஸ்ட்டில் ஸ்னூப்பிங்கைத் திரும்ப இயக்கி, கேள்வி கேட்கும் வேலையையும் அதற்கே கொடுத்தேன்:

ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்
ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் குவரியர்
ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் குவரியர் அட்ரஸ் 10.20.0.2

"ஷோ ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் குரூப்ஸ்" அடித்தால் 239.20.1.1 பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட் எண்கள் வரிசையாக வந்தன. மேலே ஒருவர் சேனலை நிறுத்தினால் அந்த போர்ட் பட்டியலிலிருந்து காணாமல் போகிறது. இரண்டாம் மாடியில் அன்று மாலை வரை இசை நிற்கவில்லை.

அறிவிப்புச் சேனல் மட்டும் மற்ற இரண்டைப் போல இல்லை. அதை யாரும் தேர்ந்தெடுத்துக் கேட்க மாட்டார்கள். அறிவிப்பு வரும்போது ஃபோன் தானாகத் திறக்க வேண்டும். ஃபோனுக்கு ஒரு எக்ஸ்எம்எல் கட்டளையைத் தள்ளினால் அதுவே நடக்கும். அதில் முன்னுரிமை என்று ஒரு எண் உண்டு: 0 என்றால் உடனே செய், 1 என்றால் ஓய்வானதும் செய், 2 என்றால் இப்போது ஓய்வாக இருந்தால் மட்டும் செய், இல்லாவிட்டால் விட்டுவிடு. கஸ்டம்ஸ் அதிகாரியோடு பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் காதில் "மூன்று மணிக்கு மீட்டிங்" என்று குறுக்கே வரக் கூடாது. ஆகவே 2. பையில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எல்லா ஃபோன் முகவரிக்கும் இதைத் தள்ளிவிட்டு, பதிவுசெய்த அறிவிப்பை 239.20.1.3-க்கு ஓட்டி, முடிந்ததும் நிறுத்தச் சொல்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தள்ளும் கட்டளையை ஏற்கும் முன் ஃபோன் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு, அவற்றை ஒரு முகவரிக்கு அனுப்பிச் சரிபார்க்கும். அந்த முகவரி "அனுமதி உண்டு" என்று ஒற்றைச் சொல் திருப்பி அனுப்பினால் போதும். சோதனைக்காக எப்போதும் "உண்டு" என்று சொல்லும் ஒரு பக்கத்தை வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடும் வழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. தயவுசெய்து விடாதீர்கள். ஃபோனைக் கேட்கவைக்கும் கட்டளை இருப்பதுபோல, அதன் மைக் ஒலியை வேறு இடத்துக்கு அனுப்பவைக்கும் கட்டளையும் அதே குடும்பத்தில் இருக்கிறது. சரிபார்ப்பு திறந்து கிடந்தால், நெட்வொர்க்கில் நுழைந்த யாரும் மேலாளர் அறையில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கலாம். நான் ரூட்டரிலேயே "ஆத்தென்டிகேஷன் கிரெடென்ஷியல்" கீழே நீளமான கடவுச்சொல் வைத்து, ஃபோன்களின் வலை போர்ட் 80-ஐ வேறு விலான்களிலிருந்து யாரும் தொட முடியாதபடி அணுகல் பட்டியல் போட்டேன். வாய்ஸ் விலானுக்குள்ளே பை தவிர வேறு கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது.

மின்சாரக் கணக்கும் பார்த்தாக வேண்டும். கேபிள் வழி மின்சாரத்தில் 7942 வகுப்பு 2 கருவி, சுவிட்ச் ஒரு ஃபோனுக்கு 7 வாட் ஒதுக்கும். மாடிக்கு இருபது என்றால் 140 வாட், சுவிட்சின் சொந்தச் செலவு தனி. மழை நாளில் யுபிஎஸ்ஸில் ஓட வேண்டும் என்றால் எல்லா ஃபோனையும் தூக்கிச் சுமக்க அவசியமில்லை. மின்சாரம் போய்ப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால், மாடிக்கு நான்கு ஃபோன் தவிர மற்ற போர்ட்டுகளில் "பவர் இன்லைன் நெவர்" கொடுக்கும் ஒரு ஸ்கிரிப்டைத் தயாராக வைத்திருக்கிறேன். வானொலி ஓட அந்த எட்டு ஃபோனும், பையும், ரிசீவரும், சுவிட்சுகளும், ரூட்டரும் போதும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஆரஞ்சு எச்சரிக்கை வந்த ஒரு பிற்பகலில் வானொலிச் சேனல் முதல்முறையாக நிஜமாகப் பயன்பட்டது. இணையம் மதியமே போய்விட்டது. மூன்று மணியளவில் கணக்குப் பிரிவு ஃபோனில் வானொலி ஓட, சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று கேட்டார்கள். தாம்பரம் பக்கம் போகிறவர்களை மேடம் முதலில் கிளம்பச் சொன்னார். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்கள் அடுத்து.

மூன்று எஃப்எஃப்எம்பெக்கும் இப்போது லினக்ஸின் சிஸ்டம்டி கவனிக்கும் சேவைகளாக ஓடுகின்றன, விழுந்தால் தானாக எழும்படி. நெட்வொர்க் இணைப்பு வந்த பிறகே தொடங்கும்படி வரிசையும் கொடுத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பும்போது சுவிட்சுக்கு முன்னால் பை எழுந்து, ரூட் இல்லாமல் ஒலியை வேறு பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கும். ரூட்டரிலும் சுவிட்சிலும் "காப்பி ரன் ஸ்டார்ட்" அடித்து, இரண்டின் கட்டமைப்பையும் பிரதி எடுத்து வேறு கட்டடத்தில் ஒன்று வைத்தாயிற்று. அறிவிப்பை முன்கூட்டிப் பதிவுசெய்யாமல் ரிசப்ஷனிலிருந்து நேராகப் பேச ஒரு மைக் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ரூட்டரில் ஒரு அனலாக் போர்ட் அட்டை காலியாக இருக்கிறது, வெளித் தொலைபேசி லைன் செருகும் எஃப்எக்ஸ்ஓ வகை. அதில் "சிக்னல் லூப்-ஸ்டார்ட் லைவ்-ஃபீட்" கொடுத்து நேரடி ஒலியை உள்ளே எடுக்கலாம். அடுத்த வேலை அது.